கறுப்பு வெள்ளையில் ஒரு கல்யாணம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என்னிடம் வந்தாள் ஸ்டெல்லா. நல்ல பட்டுப் புடவை. முகம் மட்டும் அழுத முகம்.

“அந்தப் பேஜை எடுக்கச் சொல்லிட்டாங்கக்கா” என்றாள்.

முதலில் ஸ்டெல்லா யார் என்று சொல்லிவிடுகிறேன். செஞ்சியில் எங்கள் தெருப் பெண். பி.காம். முடித்துவிட்டுப் புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். காலையில் பஸ்ஸில் போய், இருட்டிய பிறகு பஸ்ஸில் திரும்புகிற பிழைப்பு. அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்துதான் வெப் டிசைன் கற்றுக்கொண்டாள். கோர்ஸ், கிளாஸ் எதுவும் கிடையாது. எல்லாம் நெட்டில் கிடைத்த இலவசப் புத்தகங்கள்!

நீங்களும் அடிக்கடி கேட்கிறீர்கள் — இதற்கெல்லாம் நெட்டில் நல்ல புத்தகம் சும்மா கிடைக்குமா என்று. கிடைக்கும். தாராளமாகக் கிடைக்கும். தொழில் தெரிந்த பலர், தாங்கள் எழுதிய முழுப் புத்தகத்தையும் ‘யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்’ என்று திறந்து போட்டிருக்கிறார்கள். தேடிப் பிடித்து அவளுக்கு லிங்க் அனுப்பியது நான்தான். எல்லாம் இங்கிலீஷ். அவள் விடவில்லை. புரியாத வார்த்தைக்கெல்லாம் போனிலேயே அர்த்தம் தேடித் தேடிப் படித்தாள்.

என்ன சொல்லிக் கொடுத்தன அந்தப் புத்தகங்கள்? நிறைய இடம் விடு. இரண்டு நிறம் போதும். எதுவும் மின்னக் கூடாது, எதுவும் ஓடக் கூடாது. ஒரே ஒரு போட்டோ... அது பேசட்டும். பட்டன் கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

அவ்வளவுதான், பெண்ணுக்குக் கண்ணே மாறிவிட்டது. ரோட்டில் ஒரு பேனரைச் சும்மா விட மாட்டாள். “பாருங்கக்கா, ஒரே பேனர்ல எத்தினி கலரு! கண்ணு இன்னாத்துக்கு ஆவும்?”

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஜெயபால் அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். இப்போதெல்லாம் கல்யாணத்துக்குப் பத்திரிகையோடு ஒரு வெப் பேஜும் வேண்டும் என்கிறார்களே, அதுதான்.

“இந்த ஒன்ன நல்லா பண்ணிக் குடும்மா. பொண்ணு வூட்ல புடிச்சிப் போச்சின்னா, இனிமே நம்ம ஸ்டுடியோவுக்கு வர்ற கல்யாணம் எல்லாம் உனக்குத்தான்.”

ஸ்டெல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. துணிக்கடை வேலையை விடப் போகிறேன் என்று வீட்டில் அப்பாவிடம் சொல்லியே விட்டாள். இனி பஸ் இல்லை. நாள் முழுக்க நின்று கால் வீங்குவதும் இல்லை. உள்ளூரிலேயே, பிடித்த வேலை!

சனிக்கிழமை எனக்குக் காட்டினாள். வெள்ளைப் பின்னணி. மேலே சின்னதாக ஒரு சிலுவை; இரண்டு வீட்டாரும் கிறிஸ்தவர்கள். நடுவில் ஒரே ஒரு போட்டோ, கறுப்பு வெள்ளையில். ராஜகிரி மலை பின்னால் மங்கலாகத் தெரிய, பெண்ணும் மாப்பிள்ளையும் நம்மைப் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே பெயர்கள். இடது பக்கம் நிச்சயதார்த்தத் தேதி, வலது பக்கம் திருமணத் தேதி. சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கோடு.

நான் அசந்துபோனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகு!

மறுநாள் பூசை முடிந்து கோயில் வாசலில், பெண்ணின் பெரியப்பா எல்லார் முன்னாலும் அவளிடம் போனை நீட்டியிருக்கிறார்.

“இன்னாம்மா இது? உசுரோட இருக்கிற புள்ளைங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டு வெச்சிருக்க?”

அவள் சொன்னதும் போனை வாங்கி மறுபடி பார்த்தேன். ஐயோ! சிலுவை. கறுப்புக் கட்டம். கறுப்பு வெள்ளைப் போட்டோ. இந்தப் பக்கம் ஒரு தேதி, அந்தப் பக்கம் ஒரு தேதி. தோற்றம் — மறைவு! நம் ஊர்ச் சுவர்களில் தினம் ஒட்டுகிற அதே போஸ்டர். பெரியப்பாவைக் குறை சொல்ல முடியுமா?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதீங்கக்கா. நைனா கிட்ட நான் இன்னான்னு சொல்லுவேன்?”

சிரிப்பு அடங்கிவிட்டது. அன்று முழுவதும் மனசே சரியில்லை.

நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பேஜைப் புத்தகத்தின் கண்ணால் பார்த்திருக்கிறோம். எழுதினவர் செஞ்சிச் சுவரைப் பார்த்தாரா என்ன? அவர் மேல் தப்பில்லை. தெரிந்ததையெல்லாம் வஞ்சனை இல்லாமல் சொல்லிவிட்டார். கறுப்புக் கட்டத்தைக் கண்டால் நம் கல்யாண வீட்டுக்காரர்கள் ஏன் பதறுவார்கள், எந்த நிறத்தைப் பார்த்தால் மனசு குளிரும் — இதை நம்மில் யாராவது தமிழில் எழுதிப் போட்டிருந்தால், ஒரு பெண் இந்நேரம் பஸ் பாஸைத் தூக்கி எறிந்திருப்பாள். சும்மா கிடைக்கிறது என்று படிக்க நாம் எத்தனை பேர் இருக்கிறோம்! சும்மா எழுதிப் போட...?

சாயந்திரத்துக்குள் வேறு ஒருவர் பேஜை மாற்றிக் கொடுத்துவிட்டார். ரோஜா இதழ்கள் கொட்டுகின்றன. எழுத்துகள் தங்க நிறத்தில் மின்னுகின்றன. தொட்டால் நாதஸ்வரம்! இரண்டு வீட்டாருக்கும் பரம திருப்தி.

ஜெயபால் நல்ல மனிதர். போன் செய்து ஆறுதல் சொல்லியிருக்கிறார். “டென்ஷன் ஆவாதம்மா. உன் கைல வேலை இருக்குது. ஸ்டுடியோவுக்குக் கண்ணீர் அஞ்சலி ஆர்டரும் நெறைய வருது. அத நீ பண்ணேன்... உன் டிசைன் அதுக்கு அப்டியே பொருந்துது.”

கிண்டல் இல்லை. மனதாரத்தான் சொல்லியிருக்கிறார். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்திருக்கிறது. “யோசிச்சிச் சொல்றேண்ணா” என்று வைத்துவிட்டாள். திங்கட்கிழமை காலையில் புதுச்சேரி பஸ் ஏறிவிட்டாள்.

நான் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன்: “என்னோட அஞ்சலிய மட்டும் நீதான்டி பண்ணணும் — நெறைய எடம் வுட்டு!”