நோட்டில் இல்லாத சத்தம்

என் அக்கா விமானம் ஏறியது ஒரு புதன்கிழமை, காலை பத்து ஐம்பதுக்கு. அவளோடு ஏற வேண்டிய மகள் ஏறவில்லை.

விமானத்தின் வாசல் வரைக்கும் வந்தாயிற்று. அங்கே அந்த எட்டு வயது வாண்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கீழ ஏதோ ஊளையிடுது, நான் வரல!" என்று அலறியிருக்கிறாள். அக்கா கெஞ்சினாள், மிரட்டினாள், சாக்லேட் காட்டினாள். பின்னால் வரிசை நெளிந்தது. பணிப்பெண் சிரிப்பு மாறாமல், "அப்படி எதுவுமே இல்லம்மா" என்றாள். வாண்டுவின் குரல் இன்னும் ஒரு படி ஏறியது.

வாசலுக்குப் பக்கத்து மூலையில், குப்பைப் பைகளோடு வழிவிட்டு நின்ற துப்புரவுப் பெண்களில் ஒருவர் முன்னால் வந்தார். வேறு யாருமில்லை, அத்தானின் அக்கா. எனக்கு அண்ணி முறை, வாண்டுவுக்கு அத்தை.

"ஊளையிடுதுதான். எனக்கும் கேக்குது" என்றார். "அடியில பெட்டி ஏத்தற கதவை மூடறாங்க. அதோட மோட்டார் அது. தினம் ஆறு தடவை கேக்கறேன்."

வாண்டு அலறுவதை நிறுத்தினாள். கம்பியை மட்டும் விடவில்லை.

"நீ கிளம்பு" என்று அண்ணி அக்காவிடம் சொன்னார். "நாளைக்கு நீ வேலையில சேரலைன்னா அந்த இடத்துக்கு வேற ஆள் வந்துடும். இவளை நான் கொண்டாந்து சேக்கறேன்."

"எப்ப அண்ணி?"

"பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள."

பள்ளிக்கூடம் திறக்கப் பதினெட்டு நாள் இருந்தது. அக்காவுக்கு வேலை கிடைத்த ஆஸ்பத்திரி கடலுக்கு அப்பால் ஒரு தீவு நகரத்தில். அத்தான் ஏற்கெனவே அங்கேதான். மழைக்காலம் தொடங்கிவிட்டதால் இன்னும் நான்கு மாதத்துக்குக் கப்பல் கிடையாது. வாண்டு பறந்தால் அம்மாவிடம். இல்லையென்றால் நான்கு மாதம் அம்மாவும் இல்லை, அலையாய் அலைந்து வாங்கிய பள்ளி இடமும் இல்லை.

முதலில் களத்தில் இறங்கியது நான். இரண்டரை வருஷம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன், பையைக்கூடப் பிரிக்கவில்லை. விமானம் எனக்கு டவுன் பஸ் மாதிரி. "ரோட்டுல போறதைவிட வானத்துல போறதுதான்டி பாதுகாப்பு" என்று கணக்குப் போட்டு விளக்கினேன். மறுநாளிலிருந்து வாண்டு பஸ்ஸிலும் ஏற மறுத்தாள்.

"போதும் தாயே, உன் உதவி" என்றார் அண்ணி.

அண்ணிக்குத் தெருவில் 'பைலட்' என்று பேர். பதினாறு வருஷமாக, விடியுமுன் விமான நிலைய பஸ் ஏறிப் போகிறவர். இஸ்திரிக் கடைக்காரர் தினமும் கேட்பார்: "என்ன பைலட், இன்னிக்கு எந்த நாடு?"

"பின்பக்கக் கக்கூஸ் நாடு. வரீங்களா?"

ஒரு விமானம் தரையில் நிற்பது நாற்பது நிமிஷம். அதில் இவர்களுக்குக் கிடைப்பது பன்னிரண்டு. நான்கு பெண்கள் கடைசி வரிசையில் தொடங்கி முன்னால் வருவார்கள். சீட்டு முதுகுப் பைக்குள் கைவிட்டுக் குப்பை எடுப்பது, ஜன்னலைத் துடைப்பது, பெல்ட்டைக் குறுக்காக மடித்துப் போடுவது என்று கை ஓடிக்கொண்டே இருக்கும். ஒற்றைக் கம்மல், பல்செட், பாதிக் காதல் கடிதம் எல்லாம் அண்ணி எடுத்துக் கொடுத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒரு இலவச டிக்கெட் ஊழியர்களுக்கு உண்டு. அதை அவர் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. கேட்டால் ஒரு வருஷம் லீவு இருக்காது, மறுவருஷம் முழங்கால் வலிக்கும்.

வேலை நேரத்தில் போனைப் பூட்டிவைத்துவிட வேண்டும், அதனால் எதையும் பதிவு செய்து கொண்டுவர முடியாது. ஆகவே அண்ணி வாயாலேயே சத்தம் போட்டார். மதியம் இரண்டு மணிக்கு வந்ததும் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போடுவார். வாண்டு உட்காருவாள். நான் பயணி, சில நாள் பணிப்பெண்.

"இது மேல பெட்டி வைக்கற மூடி: டப்! இது கக்கூஸ்ல தண்ணி: ஹ்ர்ர்ர்ஃப்! பயப்படாத, உன்னை இழுக்காது. நான் எத்தனை வாட்டி அமுக்கிவிட்டிருக்கேன், இன்னும் இங்கதானே இருக்கேன்?"

வாண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நோட்டில் ஒரு நம்பர். ஊளை ஒன்றாம் நம்பர். பணிப்பெண்ணைக் கூப்பிடும் மணி எட்டு. பத்தே நாளில் இருபத்திரண்டு ஆயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "உள்ள என்னங்க ஓடுது, மிக்ஸியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"இவ்ளோதான்" என்றார் அண்ணி. "நோட்டுல இல்லாத சத்தம் எதுவும் வராது. சத்தியம்."

"அப்ப நான் வரேன். ஆனா நீயும் வரணும் அத்தை."

அண்ணியின் முகம் ஒரு நொடி மாறியது. லீவு, முழங்கால் என்று ஏதோ ஆரம்பித்தார். வாண்டு நோட்டை மூடினாள். அவ்வளவுதான், அண்ணி ஒப்புக்கொண்டார்.

பதினாறாம் நாள் மூன்று பேரும் கிளம்பினோம். வாசலில் ஊளை கேட்டது. "ஒண்ணு!" என்று வாண்டு கத்தினாள். எனக்குப் புல்லரித்தது. ஏறிவிட்டாள்! அண்ணி கேட்டு வாங்கிய கடைசி வரிசை, அவருக்கு ஜன்னல், வாண்டு நடுவில், ஓரத்தில் நான். டப், நாலு. பெல்ட், ஆறு. ஓடுபாதையில் வண்டி பாய்ந்தபோது வாண்டுவின் பென்சில் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே போனது. மூக்கு தூக்கியது. தரை விட்டுப் போனது.

அப்போது காலுக்கடியில் கிர்ர்ரென்று ஏதோ இழுபட்டு, தட்டென்று ஒரு இடி. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது.

பென்சில் நின்றது. "அத்தை, இது எத்தனாம் நம்பர்?"

அண்ணி கண்ணை இறுக மூடியிருந்தார். முன் சீட்டைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

"சித்தி, உனக்குத் தெரியுமா?"

எனக்கும் தெரியாது! நாற்பது தடவையாவது பறந்திருப்பேன், அத்தனை தடவையும் காதில் பாட்டு.

"நோட்டுல இல்லாதது வராதுன்னியே அத்தை!"

"தப்பா சொல்லிட்டேன்டி" என்றார் அண்ணி, கண்ணைத் திறக்காமல். "நான் மேல வந்ததே இல்ல. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நிக்கற ப்ளேன்தான்."

"உனக்குப் பயமா இருக்கா?"

"ரொம்ப."

முடிந்தது கதை, இதோ அலறப்போகிறாள் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வாண்டு அத்தையைப் பார்த்தாள். பிறகு சீட்டுக்கு மேலாகக் கழுத்தைத் திருப்பி, பின்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த பணிப்பெண்ணிடம் கத்தினாள்: "அக்கா! இப்ப தட்டுன்னு கேட்டுச்சே, அது என்னது?"

"சக்கரத்தை உள்ள மடிச்சாச்சு, கண்ணு."

"அப்புறம் இன்ஜின் நின்னுடுச்சே?"

"நிக்கல. மாடிப்படி ஏறறப்போ மூச்சு வாங்கும்ல, பாதி ஏறிட்டு மெதுவா போனா குறையும்ல? அப்படித்தான்."

வாண்டு இருபத்துமூன்று, இருபத்துநாலு என்று எழுதினாள். எழுதிவிட்டு அத்தையின் கையை முன் சீட்டிலிருந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். "சக்கரம்தான் அத்தை. பயப்படாத. கண்ணைத் திற, மேகம் வருது."

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி ஒரு கண்ணைத் திறந்தார். அப்புறம் இன்னொன்றை. கண்ணாடியில் நெற்றி முட்ட வெளியே பார்த்தார்.

"பதினாறு வருஷமா இந்த ஜன்னலைத் துடைக்கறேன்" என்றார். "இதுல இப்படி ஒண்ணு தெரியும்னு ஒருத்தியும் சொல்லலியே!"

அதன்பிறகு இருவரையும் பிடிக்க முடியவில்லை. இறக்கை முனகினால் ஒரு நம்பர், தேநீர் வண்டி உருண்டால் ஒரு நம்பர். இறங்கும்போது வாண்டு சுற்றி இருந்த எல்லோருக்கும் அறிவித்தாள்: "இப்ப சக்கரம் வெளிய வரும், சத்தம் கேக்கும் பாருங்க!" வந்தது. கேட்டது. முன் வரிசைக் கிழவர் ஒருவர், "நல்லவேளை சொன்னே பாப்பா, நான் ஆடிப்போயிருப்பேன்" என்றார்.

வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றிருந்தாள். வாண்டு நோட்டை என் மேல் எறிந்துவிட்டு ஓடினாள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அண்ணிக்கு லீவு மூன்று நாள்தான். நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாமென்று கையாட்டிவிட்டுத் தனியாகவே திரும்பிப் போனார்.

ஒன்றே முக்கால் வருஷம் கழித்து, நான் வேறொரு நாட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது போனில் அண்ணியின் குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது:

"ஏய், கேளு. நான் ஒரு ஊருக்கு வந்திருக்கேன். கல்யாணம் காட்சி எதுவும் இல்ல, யாருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தேன். இங்க எனக்கு ஒரு ஈ காக்காயைத் தெரியாது. ப்ளேன்ல சீட்டுக்கு அடியில சரியாவே துடைக்கல, இறங்கறப்ப சொல்லிட்டுத்தான் வந்தேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. நடுத்தெருவுல நிக்கறேன். நீதான் ஊர் சுத்தியாச்சே, சொல்லு: புது ஊர்ல இறங்கினதும் முதல்ல என்னடி பண்ணுவ?"