அக்காவின் ஜன்னலும் குட்டிக் கற்றாழைகளும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பலர், விபத்துக்குப் பிறகு அக்காவை இரண்டு மூன்று முறைக்கு மேல் பார்த்திருக்கமாட்டீர்கள். அது உங்கள் குற்றமல்ல. கண்டி நகரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மேலே, குறுகலான படிக்கட்டின் உச்சியில் இருந்த வீட்டில் அவர் இருந்தார். நீங்கள் ஏறி வரவேண்டும். அவரால் இறங்கி வர முடியாது. அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கூடும் உங்களுக்குச் சொல்வது, அவர் கையில் வளர்ந்த தங்கையாகிய என் கடமை.

அக்கா புசல்லாவைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தார். அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தார். நான் பிறந்த சில மாதங்களில் அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அப்போது அக்காவுக்குப் பதினொரு வயது. அதன்பின் அவர் பள்ளிக்கூடம் போன நாட்களைவிட என்னை இடுப்பில் சுமந்து நின்ற நாட்களே அதிகம் என்று அப்பா சொல்வார்.

பதினெட்டு வயதில் கண்டிக்கு வந்து ஒரு தையல் கடையில் சேர்ந்தார். முதலில் பொத்தான் கட்டினார். மூன்று வருடத்தில் துணி வெட்டும் மேசைக்கு உயர்ந்தார். ஜனவரி மாதத்தில் பள்ளிச் சீருடைகள் மலைபோல் குவியும்போது, அளவு நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றாமலே சாப்பிடுவார். அந்தச் சம்பளத்தில் என்னைக் கண்டிக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார், நான் ஆசிரியையானேன். அவரைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. "தங்கச்சியும் என்கூட வருவா" என்று முதல் வார்த்தையாகவே சொன்னார். வந்தவர்கள் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. அவரும் வரச் சொல்லவில்லை.

அக்கா சாந்தமானவர் என்று எழுதினால் அவரே சிரிப்பார். அவர் கோபக்காரர். தையல் கோணினால் பிரித்து எறிவார். ஆனால் எறிந்ததை மறுபடியும் எடுத்துத் தைப்பவரும் அவர்தான்.

ஒரு மழை நாளில், அப்பாவைப் பார்த்துவிட்டுப் புசல்லாவையிலிருந்து திரும்பும்போது, பஸ் மிதிபலகையில் கால் வழுக்கித் தெருவில் விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. இரண்டு மாதம் வார்டில் கிடந்தும் கால்களுக்கு உணர்வு திரும்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான்கு பேர் அவரைக் கதிரையில் உட்காரவைத்துத் தூக்கிப் படியேற்றினார்கள். படிக்கட்டின் வளைவில் ஒருவருக்குக் கால் தவறியது. கதிரை சரிந்தது. அக்கா கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டார். அவர் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். அந்தப் பயம் என்னை விட்டுப் போகவே இல்லை.

அன்று ஏறியவர் ஆறு வருடம் இறங்கவில்லை.

காலையில் நான் பள்ளிக்குப் போகும்போது சாப்பாட்டையும் தேநீர்ப் பிளாஸ்கையும் கட்டிலருகே வைத்துவிட்டுப் போவேன். கீழே கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை நாங்கள் நானா என்றே அழைப்போம். அவர் தினமும் பகலில் ஒரு தடவை படியடியில் நின்று, "தங்கச்சி, ஈக்கிறீங்களா?" என்று குரல் கொடுப்பார்.

"எங்க போயிரப்போறேன் நானா? இருக்கேன்" என்பார் அக்கா.

கம்பி போட்ட ஒரே ஜன்னல். அதன் வழியே எதிர்வீட்டுத் தகரக் கூரையும், அதற்கு மேல் மலையின் ஒரு விளிம்பும் தெரியும். காலை வெயில் அதில் சாய்வாக விழும். கையால் சுற்றும் மெஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சாய்ந்தபடி தைக்க முதுகு இடம் கொடுக்கவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் அவருடைய கால்களைப் பார்த்தே பேசினார்கள். பிறகு அவர் யாரையும் வரச் சொல்லவில்லை.

ஒருநாள் பேராதனை வீதியில் செடி விற்பவரிடம் ஒரு குட்டிக் கற்றாழை வாங்கி வந்தேன். கட்டைவிரல் உயரம்தான். கரும்பச்சை இலைகளில் சுண்ணாம்புக் கோடு போட்டதுபோல் வெள்ளை வரிகள். இதற்கு மேல் பெரிதாக வளராது, வீட்டுக்குள்ளேயே இருக்கும் என்று விற்றவர் சொன்னார்.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன்டி, உசுரோட இருந்த ஒன்னப் புடிச்சாந்து என்கூட அடைச்சு வைக்கிறியா?"

ஆனாலும் காலை, பகல், மாலை என்று அதற்குத் தண்ணீர் ஊற்றினார். பகல் முழுவதும் அவருடைய கைகளுக்கு வேறு வேலை இருக்கவில்லை. மூன்றாவது வாரம் அடி இலைகள் கண்ணாடிபோல் ஆகிப் பழுத்தன. தொட்டபோது செடி அப்படியே கையோடு வந்தது. நாற்றம் அடித்தது. வெளியே எறியப் போனேன்.

"இரு. தூக்கிப் போடாத. குடு இங்க."

மடியில் பத்திரிகையை விரித்து, பிசகிய தையலைப் பிரிப்பதுபோல் இலை இலையாக அழுகலை உரித்தார். கடைசியில் நக அளவு ஒரு பக்கக் கன்று மட்டும் பச்சையாக மிஞ்சியது. அதற்கு வேர் இல்லை. பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, என்ன செய்வது என்று கேட்டுவர என்னைச் செடிக்காரரிடம் அனுப்பினார். அவர் சொன்னபடி வெட்டிய இடத்தில் கறுவாத்தூள் தடவி, நிழலில் காகிதத்தின் மேல் ஐந்து நாள் சும்மா வைத்தார்.

"வாடிப்போயிருமே அக்கா" என்றேன்.

"வாடட்டும். காயம் காயாம மண்ணுல வச்சா மறுபடி அழுகிரும்."

மண்ணையும் மாற்றினார். நானா கொடுத்த ஆற்று மணல், உடைத்த செங்கல் துண்டு, கொஞ்சம் அடுப்புக்கரி, ஒரு பிடி உரமண். எல்லாவற்றையும் மாவு அரிதட்டில் மடியிலேயே சலித்தார். தையல் ஊசியை மெழுகுதிரியில் சூடாக்கி யோகட் கப்பின் அடியில் ஓட்டைகள் போட்டார். கன்றை வைத்த பிறகும் ஒரு வாரம் தண்ணீர் காட்டவில்லை. பிறகு கரண்டியால் விளிம்பில் கொஞ்சம். வேர்விட்டதா என்று நான் இழுத்துப் பார்க்கப் போனால் கையைத் தட்டிவிடுவார்.

ஒரு மாதத்துக்கு மேல் போயிருக்கும். ஒருநாள் நான் பள்ளியிலிருந்து வந்ததும் கூப்பிட்டார். என் கண் முன்னால் இரு விரலால் கன்றை மெல்ல இழுத்தார். அது வரவில்லை.

"புடிச்சிருச்சு" என்றார். விபத்துக்குப் பிறகு அந்தக் குரலை அன்றுதான் கேட்டேன்.

அடுத்த வருடம் அது பக்கத்தில் கன்றுகள் விட்டது. தாயின் மூன்றில் ஒரு பங்கு வளரும்வரை பிரிக்கக்கூடாது என்று அவரே இரண்டு மூன்றைச் சாகக் கொடுத்துக் கற்றுக்கொண்டார். தனி இலையை அடித்தோலோடு கிழித்து நட்டுப் பார்த்தார். பெரும்பாலானவை காய்ந்துபோயின, சில ஆறு மாதம் சும்மா கிடந்துவிட்டு அரிசியளவு முளை விட்டன. பகல் வெயில் ஏறி இலைகள் சிவந்தபோது, பழைய வாயில் சேலையைக் கிழித்துத் திரை போட்டார். நானா இரும்புச் சட்டத்தில் இரண்டு தட்டு அடித்துக் கொடுத்தார். என்னோடு படிப்பிக்கும் ஆசிரியைகள் கன்று கேட்டு வரத் தொடங்கினார்கள். "ஒங்க வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் பாக்குது?" என்று கேட்காமல் ஒன்றையும் கொடுக்கமாட்டார். "மண்ணு காய்ஞ்சப்பறம் இன்னும் நாலு நாள் பொறுத்து ஊத்துங்க. பாசத்துல ஊத்திக் கொன்னுறாதீங்க" என்பார்.

இதனால் எங்கள் வீடு மகிழ்ச்சியில் நிறைந்திருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். படுக்கைப் புண் வந்தது. மழைக்காலத்தில் சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்தது. கொழும்பில் ஒரு வருடப் பயிற்சிக்கு எனக்குக் கிடைத்த இடத்தை விட்டுக்கொடுத்தேன்; அதை அவரிடம் சொல்லிக்காட்டவும் செய்தேன். "நீங்க மட்டுமா இங்க மாட்டிக்கிட்டீங்க? நானுந்தான்" என்று ஒருநாள் கத்தினேன்.

"தெரியும். நான் எப்ப இல்லேன்னு சொன்னேன்?" என்றார். கோபித்துக்கொண்டு ஒதுங்கிப் போகவும் அந்த வீட்டில் வேறு அறை இல்லை.

நான்காவது வருடம் அப்பா இறந்தார். காலையில் போன் வந்தது. வெளியே மழை.

"பாப்பா, என்னையும் தூக்கிட்டுப் போங்க" என்றார் அக்கா. சிறு வயதிலிருந்தே நான் அவருக்குப் பாப்பாதான்.

செய்தி கேட்டு மேலே வந்த நானா, "நாலு பேரெ நான் கூட்டிட்டு வாரேன். கதிரையில வச்சிக் கட்டித் தூக்கினா ஒன்டும் ஆகாது தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார்.

நான் மறுத்தேன். "படியெல்லாம் நனைஞ்சு கெடக்கு. விழுந்தா அப்பறம் யாரு பாக்குறது? நாந்தானே?" என்றேன். அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னேன்.

"சரி. நீ போ. நேரமாகுது" என்றார் அக்கா.

சாவு வீட்டில், அப்பாவின் கூடப்பிறந்தவரான அத்தை எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "பெத்த அப்பன் மொகத்தப் பாக்கக்கூட மூத்தவளுக்கு மனசு வரலியா? ஒரு வேனப் புடிச்சு வந்தா ஆகாதா?" நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வர வேண்டும் என்று அவர் கேட்டார், நான்தான் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்காவைப் பார்த்துக்கொள்ளும்படி நானாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன்; மறுநாள் பகல் திரும்பி வந்தபோது கட்டில் முழுவதும் செடிகள். கை எட்டிய சாடிகள் எல்லாவற்றையும் கவிழ்த்து, வேரோடு எடுத்து வெளியே கிடத்தியிருந்தார். கையிலும் போர்வையிலும் மண். "மண்ணு மாத்தலாம்னு பாத்தேன்" என்றார். இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தோம். அப்பா எப்படிக் கிடந்தார் என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

சில மாதம் கழித்து அத்தை கண்டிக்கு வந்தபோது அதே கேள்வியை அக்காவிடமே கேட்டார். நான் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். "எனக்குத்தான் பயமா இருந்துச்சு அத்தை. அதான் வரல" என்று அக்கா சொன்னது தெளிவாகக் கேட்டது. தேநீர் ஆறும்வரை நான் குசினியை விட்டு வெளியே வரவில்லை.

அதற்குப் பின் இரண்டு வருடத்தில் பக்கத்துக் காணியில் கட்டடம் எழுந்தது. கல் கல்லாக உயர்ந்து, முதலில் கூரையை மறைத்தது, பிறகு மலையை மறைத்தது. கடைசியில் ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறச் சுவர் மட்டும் இருந்தது. பகலிலும் லைட் போட்டோம். கற்றாழைகள் வெளுத்து, கழுத்து நீண்டு, ஒரு பக்கம் சாய்ந்தன. மண் காயவே இல்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு அழுகின.

"இதுகளையெல்லாம் கீழ அனுப்பிரு. வெளிச்சம் உள்ள வீடாப் பாத்துக் குடு" என்றார் அக்கா.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். இங்க இருந்து சாகணும்னு இதுகளுக்கு என்ன?"

அந்த வாரமே நான் வீடு தேடத் தொடங்கினேன். அம்பிட்டியவில், என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் சிறிய கீழ்த்தள வீடு அமைந்தது. நானா மூன்று பேருடன் வந்தார். கதிரையில் அக்காவை உட்கார வைத்து, இரண்டு சேலையால் இடுப்பையும் மார்பையும் சேர்த்துக் கட்டினார்கள். வளைவில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அக்கா கீழே கடை வாசலில், வெயிலில், கண்ணைச் சுருக்கியபடி இருந்தார். படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார்.

"இவ்வளவுதானா நானா?"

"இவ்வளவுதான் தங்கச்சி."

நான் செடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போய்விட்டேன். அன்று மாலை புது வீட்டில் அவர் காலடியில் உட்கார்ந்து, "அக்கா, அப்பா செத்தன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"விடு. பயந்துட்ட. பயந்தவளத் திட்டி என்ன ஆகப்போகுது?"

"அப்ப அத்தைகிட்ட ஏன் பழிய ஒங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

"நீ நாளைக்கும் அவங்க வீட்டுக்கெல்லாம் போய் வரணும். நான் எங்க போகப்போறேன்?"

அம்பிட்டியவில் அக்கா பதினான்கு மாதம் வாழ்ந்தார். நீண்டுபோன கற்றாழைகள் மறுபடி குட்டையாகா என்பதால், தலைகளை வெட்டிக் காயவைத்துப் புதிதாக வேர்விட வைத்தார். விறாந்தையில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களை அதட்டிப் பேசவும் தொடங்கினார். ஒருமுறை வேன் பிடித்துப் புசல்லாவைக்குப் போனோம். அப்பாவைப் புதைத்த இடம் தேயிலைச் சரிவுக்கு மேலே. சக்கரக் கதிரை அங்கே ஏறாது. அக்கா வேனிலிருந்தபடியே மடியிலிருந்த கற்றாழைச் சாடியை என்னிடம் நீட்டினார்.

"அங்க பெய்ற மழைக்கு அழுகிருமே அக்கா."

"தெரியும். நீ கொண்டுபோய் வச்சிட்டு வா."

வைத்துவிட்டு இறங்கி வரும்வரை அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு வாரம் மூச்சுக்குப் போராடி, ஒரு காலைப்பொழுதில் என் கையைப் பிடித்தபடி அமைதியானார்.

அக்காவைச் சுமந்து இறக்கியதோடு நில்லாமல், கடைசி நாளில் மறுபடியும் தோள் கொடுத்த நானாவுக்கும் அவருடன் வந்தவர்களுக்கும், வார்டில் முகம் கோணாமல் அவரைப் புரட்டிப் படுக்கவைத்த தாதியருக்கும், அம்பிட்டிய வீட்டை மனமுவந்து தந்த ஆசிரியை அவர்களுக்கும், தோட்டத்திலிருந்து வந்து கிரியைகளைச் செய்துதந்த உறவினர்களுக்கும் நான் என்றும் கடமைப்பட்டவள். ஒரு நன்றி அத்தைக்கும் உரியது. செத்த வீட்டில் அக்காவைக் குளிப்பாட்ட முதலில் வந்தவர் அவர். அப்போதும், "அப்பனப் பாக்க வராத புள்ளைய நான் பாக்க வந்துட்டேன்" என்று சொல்லி அழுதார்.

அத்தை, அப்பாவைப் பார்க்க வரவேண்டும் என்று அக்கா கேட்டார். உங்கள்மீது எனக்கு வருத்தமில்லை. உங்களை அப்படிப் பேச விட்டவள் நான்.