படையலில் உப்பு

2004 மாரிக் குளிரில், மொன்றியலில் எங்கட மேல்வீட்டுச் சீன அம்மா, இறந்துபோன புருஷனுடைய படத்துக்கு முன்னால் படைக்கப் பன்றியிறைச்சி காய்ச்சினா. துணைக்கு நான் போயிருந்தேன். சோயா சோஸும் கல்கண்டும் போட்டு, குறைந்த நெருப்பில் மத்தியானம் முழுக்க வேகவிட்டா. பிறகு ஒரு துண்டை எடுத்துத் தானே கடித்துப் பார்த்தா.

எனக்குத் திக்கென்றது. "படைக்க முதல் நாங்கள் வாயில வைக்கமாட்டம்" என்றேன், அரைகுறைப் பிரெஞ்சில்.

"சுவை சரியில்லாட்டி அவர் தொடமாட்டாரே" என்றா, இன்னும் கொஞ்சம் கல்கண்டு போட்டபடி.

உயிரோடிருந்தபோது என்ர மனுசனும் அப்படித்தான். உப்புக் கூடினால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவார்.

அந்த முறை அவருடைய திவசத்துக்குச் சமைத்தபோது, கத்தரிக்காய்க் குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன்.

உப்புக் கூடித்தான் இருந்தது. இத்தனை வருஷமும் அந்த மனுசன் பட்டினியாகத்தான் எழும்பிப் போயிருக்கிறார்.