மேபெல் கிளெக்கின் தங்கை மகன்கள்

மேபெல் கிளெக்குக்குத் தங்கை கிடையாது. அக்காவும் கிடையாது. பெற்றோருக்கு அவள் ஒற்றைப் பிள்ளை என்பது வட இங்கிலாந்தில் எங்கள் ஹார்ட்ஷா ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் போர் முடிந்த பத்து வருடத்தில் பதினோரு தங்கை மகன்கள் அவள் வீட்டு மாடியறையில் வந்து தங்கிப் போனார்கள். ஒவ்வொருவனும் வாசலில் குனிந்துதான் உள்ளே வர வேண்டும். பால்காரர் ஒருநாள் கேட்டே விட்டார்: “உங்க தங்கச்சி வீட்டுக்குப் பால் ஊத்துற புண்ணியவான் யாருங்க? அந்த வியாபாரம் எனக்குக் கிடைச்சா நல்லாருக்கும்.” மேபெல் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. நாளையிலிருந்து இரண்டு பாட்டில் கூடுதலாகப் போடச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

எங்கள் ஊர் ஆட்டம் பதிமூன்று பேர் ஆடும் ரக்பி. வாரம் முழுக்கச் சுரங்கத்தில் கிடந்தவன் சனிக்கிழமை மைதானத்தில் எலும்பு நோக ஆடினால் அதற்குக் கூலி உண்டு. அதில் எங்களுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வேல்ஸில் ஆடுவது பதினைந்து பேர் ரக்பி. அங்கே ஆட்டத்துக்குக் கூலி வாங்குவது பெரும் பாவம். வாங்கியவனை மட்டுமல்ல, எங்கள் அணியில் ஒரே ஒரு நாள் சோதனைக்கு இறங்கிப் பார்த்தவனைக்கூட ஆயுள் முழுக்க ஒதுக்கி வைத்துவிடுவார்கள். ஊர் அணிக்கு ஆட முடியாது, ஆடுகிறவர்களுக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கக்கூட முடியாது. ரக்பி சங்கக் கட்டடத்தின் படியேற முடியாது.

ஆனால் நல்ல ஆட்டக்காரன் அங்கேதான் விளைகிறான், எங்களுக்கு வேறு வழி? திருட்டுத்தனமாகத்தான் கூட்டி வருவோம். இரண்டு சனிக்கிழமை ஆடவிட்டுப் பார்ப்போம். அச்சடித்த ஆட்டச் சீட்டில் அவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘வேறொருவர்’ என்று இருக்கும். எட்டாயிரம் பேர் அதைப் படித்துவிட்டு ஒருவரும் யார் என்று கேட்க மாட்டார்கள். எங்கள் ஊர்ப் பத்திரிகைக்காரனும் ‘புதியவர் நன்றாக ஓடினார்’ என்பதோடு நிறுத்திக்கொள்வான். அந்த இரண்டு வாரமும் வேறொருவரை ஒளித்து வைக்கிற வேலை மேபெலுடையது. தங்கை மகன் என்பது அவள் கண்டுபிடித்த பொய். பெரிய பொய்யாக இருந்ததால் யாரும் அதை அசைத்துப் பார்க்கவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் வேல்ஸ்காரர்கள் இல்லை. கம்பர்லேண்டிலிருந்து ஒரு மல்யுத்தக்காரன் வந்தான். எதிராளியைப் பிடித்துச் சாய்த்த கையோடு அவனைத் தூக்கி நிறுத்திக் கைகுலுக்குவான், அதற்குள் பந்து போய்விடும். லாட்வியாவிலிருந்து அகதி முகாம் வழியாக விளையாட்டுப் போட்டிகளில் இரும்புக் குண்டு எறிகிற வீரன் ஒருவன் வந்தான். ரேஷன் காலத்தில் தெருவே தன் முட்டையை அவனுக்குக் கொடுத்தது. பந்து கைக்கு வந்தால் அதைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு நின்று யோசிப்பான். இவர்களை ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லை. பழக்க தோஷத்தில் மேபெல் இவர்களையும் தங்கை மகன் என்றே சொன்னாள்.

நான் எல்சி. அவளுக்கு அடுத்த வீடு, நெசவாலையில் அடுத்த தறி. தறிச் சத்தத்தில் காது கேட்காது என்பதால் எங்கள் ஆலைப் பெண்கள் உதட்டசைவில்தான் பேசிக்கொள்வோம். முப்பது அடி தூரத்திலிருந்து மேபெல் உதட்டை நான் படித்துவிடுவேன். புருஷனைப் போரில் பறிகொடுத்தவள், பிள்ளையில்லை. ஒவ்வொருவன் போன பிறகும் மாடியறையைத் துடைத்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேச மாட்டாள். கேட்டால் இடுப்பு வலி என்பாள்.

ஆட்களைப் பிடித்து வருகிறவர் எம்ரிஸ். அவரே வேல்ஸ்காரர், போருக்கு முன்னால் எங்களுக்கு ஆட வந்து இங்கேயே நிலைத்தவர். அவருடைய அப்பா வேல்ஸில் இறந்தபோது அடக்கம் முடிந்து ஊரே சங்கக் கட்டடத்தில் கூடிச் சாப்பிட்டது. பெற்ற மகன் வெளியே மழையில் நின்றான். ஒரு தட்டு வெளியே வந்தது, அதையும் வேலிக்கு மேலாக நீட்டினார்கள். இதை எம்ரிஸ் சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்கிற நமக்குத்தான் வயிறு எரியும்.

ஐம்பத்தைந்தாம் வருடம் நவம்பரில் எம்ரிஸ் கூட்டி வந்தவன் இட்வால் பெவன். வேல்ஸில் பான்ட்வென் என்ற சுரங்க ஊர், இருபத்திரண்டு வயது. அண்ணன்மார் மூன்று பேரும் ஊர் அணியில் ஆடுகிறவர்கள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்த முதல் தங்கை மகன் இவன்தான். இவன் மட்டும்தான் மேபெலை நிஜமாகவே பெரியம்மா என்று கூப்பிட்டான். மாலையில் பின்கட்டில் தகரத் தொட்டியில் உட்கார்ந்து குளிக்கும்போது அவன் ஊர்த் துதிப்பாட்டு ஒன்றைப் பாடுவான். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் மேபெலும் அர்த்தம் தெரியாமலே அதைப் பாடமாக்கிவிட்டோம்.

இரண்டாவது வாரம் ஒருநாள் ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் பரிமாறிக்கொண்டிருந்தாள். நானும் இருந்தேன். இட்வால் கரண்டியைக் கீழே வைத்தான்.

“இங்க எடுத்துக்கிட்டாங்கன்னா நல்லது பெரியம்மா, அம்மாவுக்கு ஒழுகாத வீடா ஒண்ணு பாத்துருவேன். எடுக்காம விட்டு, விஷயமும் வெளிய போச்சுன்னா எனக்கு ரெண்டு பக்கமும் இல்ல. அண்ணன்மாரு ஆடுறத வேலிக்கு வெளிய நின்னுதான் பாக்கணும்.”

“என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது கண்ணு. சாப்பிடு,” என்றாள் மேபெல்.

அந்தச் சனிக்கிழமை அவன் ஆடிய ஆட்டத்தை என்னால் சொல்லி மாளாது. கோட்டோரமாக இரண்டு முறை ஓடினான், இரண்டு முறையும் எதிரணிக்காரன் கை காற்றைத்தான் பிடித்தது. முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது யாருடைய தலையோ மோதி இடது புருவம் கிழிந்தது. முகமெல்லாம் ரத்தமாக நடந்து வெளியே வந்தான். வேறொருவருக்குக் கைதட்டலாம், பெயர் சொல்லக்கூடாது, அதுதான் எங்கள் வழக்கம். கைதட்டினோம். அது போதவில்லை. எனக்குப் பக்கத்தில் மேபெல் எழுந்து நின்றாள். பத்து வருடமாக மூடியிருந்த வாயைத் திறந்தாள். அந்தத் துதிப்பாட்டைப் பாடினாள், வேல்ஸ் மொழியிலேயே.

நானும் எழுந்தேன். எம்ரிஸும் அவருக்கு முன்னும் பின்னும் வந்தவர்களும் பாடிப் பாடி எங்கள் ஊருக்கே அது பழகிய மெட்டு. ஒரு நிமிடத்தில் மரக்கூரை அதிர அரங்கமே பாடியது. அவனைக் கொண்டாடுகிறோம் என்றுதான் நினைத்தோம். அவன் நெற்றியில் ‘வேல்ஸ்காரன்’ என்று எழுதி ஒட்டுகிறோம் என்று எங்களில் ஒரு மண்டைக்கும் உறைக்கவில்லை. இட்வால் மட்டும் நின்று திரும்பிப் பார்த்தான். ரத்தத்துக்கு நடுவே அவன் முகம் வெளுத்திருந்தது.

அன்று மான்செஸ்டரிலிருந்து ஒரு பத்திரிகைக்காரன் வந்திருந்தான். திங்கட்கிழமை அவன் பத்திரிகையில் வந்துவிட்டது: ஹார்ட்ஷாவின் புதியவர் வேல்ஸ் பாட்டோடு வழியனுப்பப்பட்டார், புருவத்தில் தையல், பீல் தெருவில் ஒரு விதவை வீட்டில் தங்கியிருந்தார். அதற்கு மறுநாள் எம்ரிஸ் வந்து தொப்பியைக் கழற்றாமலே சொன்னார். அணியின் இயக்குநர்கள் கூடிப் பேசி, இட்வாலை விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு தடை ஓட்டக்காரனை எடுத்துக்கொண்டார்களாம். வேல்ஸ்காரன் எப்போது வேண்டுமானாலும் கிடைப்பான், கப்பலில் வருகிறவன் என்றால் கூட்டம் சேரும் என்று சொன்னார்களாம். சுருட்டுப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்ன அந்த ஐந்து பேரையும் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இட்வால் முந்தின ஞாயிறே ஊருக்குப் போயிருந்தான். பத்து நாள் கழித்துப் பான்ட்வென் சங்கத்திலிருந்து மேபெலுக்குக் கடிதம் வந்தது. எங்கள் உறுப்பினர் ஒருவர்மீது சந்தேகம், சுரங்கத்தில் அடிபட்டது என்கிறார், உங்கள் வீட்டில் தங்கியவர் யார் என்று எழுதித் தெரிவிக்கவும், வரும் சனிக்கிழமை விசாரணை என்று மரியாதையாகவே கேட்டிருந்தார்கள். தங்கை மகன்தான் என்று எழுதிப் போட்டுவிடேன் என்றேன்.

“எழுதினா அது காயிதத்துல அப்படியே இருக்கும்டி எல்சி. வாயால சொல்லிட்டு வந்துட்டா, நான் சாமிகிட்டப் பேசிக்கிறேன்.”

எம்ரிஸ் கூட வர முடியாது, அவர் முகமே போதும் காரியத்தைக் கெடுக்க. நான் போனேன். விடிவதற்கு முன்னால் கிளம்பி, மூன்று ரயில் மாறி, மதியம் பான்ட்வென் போய்ச் சேர்ந்தோம். மேபெல் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் தொப்பியும் போட்டிருந்தாள்.

சங்கக் கட்டடத்துக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லையாம். இருநூறு மைல் வந்தவளை என்ன செய்வது என்று அவர்களுக்கும் புரியவில்லை. கடைசியில் கதவைத் திறந்து வைத்து, வாசல் நடையில் ஒரு நாற்காலி போட்டார்கள். உள்ளே நீள மேசைக்குப் பின்னால் ஏழு பேர். நடுவில் தலைவர் ப்ரைஸ், பள்ளிக்கூட வாத்தியார், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். மேபெல் உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தன் வீட்டில் தங்கியது தங்கை மகன் என்று தொடங்கினாள். பெயர் கேட்டார்கள், சொன்னாள். தங்கை பெயர் கேட்டார்கள், ஆறு பிரசவக் கதையோடு சொன்னாள். பாட்டு எப்படி வந்தது என்றார்கள். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அதைத்தான் பாடுவோம், உங்களுடையது என்று இன்றுதான் தெரியும் என்றாள். ஒருவர் சிரிப்பை அடக்க மூக்கைச் சிந்தினார். அப்புறம் தலைவர் கண்ணைக் காட்ட, பக்கத்து அறையிலிருந்து இட்வாலைக் கூட்டி வந்தார்கள்.

தையல் பிரித்த தழும்பு இடது புருவத்தில் சிவப்பாகத் தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மேபெலைக் கண்டதும் ஒரு நொடி அவன் வாய் திறந்து மூடியது.

“உங்க வீட்ல இருந்தது இவன்தானேம்மா?” என்றார் ப்ரைஸ்.

“என் தங்கச்சி மகனுக்குத் தையல் போட்டது வலது புருவம்ங்க. நான்தான் மருந்து வெச்சேன்.”

“இவன நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

மேபெல் நல்லாப் பார்த்தாள். எனக்கே தாங்கவில்லை.

“தெரியாதுங்க. இந்தத் தம்பிய என் ஆயுசுல பாத்ததில்ல.”

ப்ரைஸ் அவன் பக்கம் திரும்பினார். இட்வால் தரையைப் பார்த்துக்கொண்டு, “எனக்கும் இந்தம்மாவத் தெரியாது,” என்றான்.

அவன் அதைச் சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் நாங்கள் வந்ததே வீண். மேபெல் என் பக்கம் திரும்பினாள். சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். ‘எப்படி இளைச்சுட்டான் பாருடி.’

ஏழு பேரும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். நிரூபணம் ஆகவில்லை என்று ப்ரைஸ் எழுந்து நின்று சொன்னார். இட்வால் அணியில் நீடிக்கலாம். ஆனால் ஹார்ட்ஷாவிலிருந்து இவனுக்கோ, இவனிடமிருந்து ஹார்ட்ஷாவுக்கோ ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை போனதாகத் தெரிந்தால்கூட விசாரணை மறுபடி திறக்கும். பான்ட்வென் தபால்காரரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இதைச் சொல்லும்போது ப்ரைஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நான் நினைக்கிறேன். மேபெல் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, இட்வாலைத் தாண்டி ஒரு இடத்தைப் பார்த்தபடி திரும்பி நடந்தாள்.

ரயிலுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. நடைமேடையில் ஒரே ஒரு பெஞ்சு. நாங்கள் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் ஐம்பது வயதுக்கு மேலான ஒரு பெண் வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். ஏப்ரன் மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள், கையில் துணியில் சுற்றிய பொட்டலம். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அதே தாடை, அதே காது. மேபெலுக்கும் தெரிந்துவிட்டது. டிக்கெட் ஜன்னலிலிருந்து நிலைய அதிகாரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று பேரும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். ரயில் வருகிற சத்தம் கேட்டதும் அந்த அம்மா பொட்டலத்தைப் பெஞ்சின்மேல் மெல்ல இந்தப் பக்கமாகத் தள்ளினாள். சுடச்சுட உலர்திராட்சை போட்ட அடையின் வாசனை வந்தது.

“இருபத்திரண்டு வருஷத்துல அந்த ரெண்டு வாரந்தான் எங்கிட்ட இல்ல,” என்றாள் தண்டவாளத்திடம். “ஒழுங்காச் சாப்பிட்டானா?”

மேபெல் எழுந்து கோட்டைச் சரிசெய்தாள். பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள்.

“நீங்க யாரச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க,” என்றாள். அப்புறம் அவளும் தண்டவாளத்திடம் சொன்னாள்: “ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.”