அக்கா கையெழுத்துப் போடாத தாள்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய பரிசோதனை அறிக்கை கிடக்கிறது. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம். மருத்துவர் என்ற இடத்தில் என் கையெழுத்து, அப்படி என்ன அவசரமோ, வால் நீண்டு விழுந்திருக்கிறது. டெக்னீஷியன் என்ற இடம் காலி. சாமி படம் வைக்கிற இடத்தில் இது எதற்கு என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள்.

தூத்துக்குடியில் கால்நடை ஆய்வகத்தில் நான் இருந்தபோது, எங்கள் டெக்னீஷியன் அக்காவின் அண்ணனுக்குப் பக்கத்துப் புதுக்கோட்டை ஊரைத் தாண்டி முட்டைக்கோழிப் பண்ணை இருந்தது. பண்ணைச் சுவரை ஒட்டி, துறைமுகத்து நிலக்கரி லாரிகளை நிறுத்த ஒரு செட் போட்டார்கள். ஓயாத ஹாரன். முட்டை நாளுக்கு நாள் குறைந்தது. செட்டின் வாசலை மறுபக்கம் மாற்றச் சொல்லி அண்ணன் மனுக் கொடுத்தார். கோழி பயந்ததற்கு என்ன அத்தாட்சி என்று எதிர்த்தரப்பு சிரித்தது. ரத்தத்தில் இருக்கிறது அத்தாட்சி என்று மார்தட்டியவன் நான்.

பயந்தால் கோழி ரத்தத்தில் கார்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறும். அதை எலைசா முறையில் அளக்கலாம். சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் மாதிரிகளை விட்டால் கடைசியில் மஞ்சள் நிறம் வரும். எங்கள் முறையில் மஞ்சள் மங்க மங்க ஹார்மோன் அதிகம். ஒரே காலையில் நானே பண்ணைக்குப் போய் ரத்தம் எடுத்து வந்தேன். லாரிப் பக்கத்துக் கோழிகளின் குழிகள் எல்லாம் வெளிறித் தெரிந்தன. மறுபக்கத்துக் குழிகள் நல்ல மஞ்சள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அறிக்கையைத் தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

அக்கா தட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சார், எந்தப் பக்கமிருந்து பிடிச்சிய?"

தூரத்துக் கூண்டில் தொடங்கி லாரிப் பக்கம் முடித்தேன் என்றேன்.

"அதான் ஒண்ணாம் கோழியிலேருந்தே படிப்படியா வெளுத்துக்கிட்டு வருது. கடைசிக் கோழி லாரியக் கண்டா பயந்திருக்கு? உங்களக் கண்டுல்லா பயந்திருக்கு."

ஆள் உள்ளே நுழைந்து பிடிக்கத் தொடங்கிய மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுக்காவிட்டால், ஆளைக் கண்ட பயமே ரத்தத்தில் ஏறிவிடும். எனக்குத் தெரியாததா? தெரிந்தும் கோட்டை விட்டிருந்தேன். அன்று மாலையே அண்ணன் வந்து நின்றார். மறுபடி எடுத்தால் விசாரணை தள்ளிப்போகும், அதுவரை பண்ணை தாங்காது என்றார்.

"ஏளா, நீ எனக்குத் தங்கச்சியா, இல்ல அந்த லாரிக்காரனுக்கா?"

"ஒன் தங்கச்சியா இருக்கப் போய்த்தான் சொல்லுதேன். இந்தக் காயிதத்த எதிர்வக்கீல் ஒரே கேள்வியில கிழிச்சிருவான். தங்கச்சி பார்த்த சோதனைன்னு வேற பேசுவான். கையெழுத்து போட மாட்டேன்ணே."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அக்கா அழவில்லை. மறுநாளே லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பண்ணைக்குப் போனார்; நானும் கூடப் போனேன். ஒரு காலைக்கு நான்கே கோழிகள், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி. நான் பிடிக்க, அவர் இறக்கை நரம்பில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து, கழுத்தில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்தை நோட்டில் குறித்தார். அண்ணன் எங்களுக்கு ஒரு வாய்த் தண்ணீர் தரவில்லை. மூன்று வாரம் போனோம். அதற்குள் அண்ணன் பாதிக் கோழிகளை விற்றுவிட்டார்.

இம்முறையும் லாரிப் பக்கம்தான் அதிகம். ஆனால் வித்தியாசம் முந்தியதில் பாதிகூட இல்லை. விசாரணையில் எதிர்வக்கீல் எழுந்து, பிடித்து எவ்வளவு நேரத்தில் ரத்தம் எடுத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். அக்கா நோட்டை நீட்டினார். வக்கீல் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். செட்டின் வாசல் மறுபக்கம் மாறியது. வாழ்த்துச் சொல்லப் போன என்னிடம் அக்கா, "பாதிக் கூண்டு காலியாத்தான் கெடக்கு சார்" என்றார். அந்தக் கூண்டுகள் என் அவசரத்தால் காலியானவை.

அக்கா இன்று வேறு ஊரில் வேலை பார்க்கிறார். போன வாரம் இன்னொரு பண்ணையின் முடிவு என் மேசைக்கு வந்தது. நான் நினைத்தபடியே, கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்திருந்தது. பேனாவைத் திறந்தேன். கண்ணாடிக்கு அடியில் அந்தக் காலி இடம் தெரிந்தது. பேனாவை மூடிவிட்டு, கோழிகளைப் பிடித்த வரிசையைக் கேட்டேன்.