முள்ளில்லாத கத்திரி

கல்லூரியில் தாவரவியல் நடத்திய காலமெல்லாம் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டியவன் நான். ஒரு செடியையாவது இன்னொன்றோடு என் கையால் கலந்து பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு, மண்ணரையில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் அந்த ஆசை வந்தது.

மாடித் தோட்டம் மனைவியுடையது. அவள் வளர்த்தது முள்ளில்லாத கத்திரி. தன் அக்காவுக்கும் எங்கள் லைன் வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கும் வருஷாவருஷம் நாற்றுக் கொடுப்பாள். நான் சந்தையில் நீளக் காய் காய்க்கும் ஒரு முள் கத்திரி நாற்று வாங்கி ஓரமாக நட்டேன். அது பூத்ததும், அவள் செடியில் விரியாத மொட்டொன்றைப் பிரித்து, மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்து, என் செடியின் மகரந்தத்தைத் தடவினேன். அடையாளத்துக்குக் காம்பில் பனியன் துணித் துண்டு ஒன்றைக் கட்டினேன். அவளிடம் சொல்லவில்லை.

துணி கட்டிய காய் என்றால் விதைக்கு விட்டது, பறிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. நான் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதற்குள், அவள் அதை விதைக்காய் என்று எண்ணிப் பழுக்கவிட்டு விதைத்த நாற்று எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஒன்று விடாமல் எல்லாச் செடியிலும் முள். முள் ஓங்கு பண்பு. முதல் தலைமுறையில் அதுதான் முகம் காட்டும்.

பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி லைன் வீட்டில் இருந்தாள். "யக்கா, உங்க கத்திரிக்காயப் பறிக்க எங்க கட்டிங் மாஸ்டர் போடுத இரும்பு கிளவுஸுல்லா வேணும்" என்று விரலைச் சப்பிக்கொண்டே சொன்னாள். அக்கா போனில், "ஏனம்மிணி, சந்தை வெதயக் கலந்துபோட்டு நம்மூட்டு வெதன்னு குடுத்தியா?" என்று கேட்டாள். மனைவி போனை வைத்துவிட்டாள். பழைய விதை ஒரு மணிகூட மிச்சமில்லை. தன் கைத்தவறு என்றே அவள் நம்பினாள். காய்ப்பு ஓயும்வரை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். துணி கட்டியதை மறந்துவிடலாம்; என் மௌனத்தை மறக்க முடியவில்லை.

அவள் செடிகளைப் பிடுங்கப் போனபோதுதான் சொன்னேன்.

"அம்மிணி, பிடுங்காதே. கலந்தது நான்."

"அக்கா பேசறப்ப பக்கத்துலதானுங்க உக்காந்திருந்தீங்க?"

"ஆமா. உன்ற கத்திரி இதுக்குள்ளயே ஒடுங்கி நிக்குது. இதோட வெதயப் போட்டா நாலுல ஒண்ணு முள்ளில்லாம வரும்."

"பரிச்சையில எழுதுங்க" என்றாள். ஆனால் பிடுங்கவில்லை.

மறுபடியும் மகரந்தம் கலந்துவிடாதபடி என் செடியை நானே வேரோடு எடுத்து எறிந்தேன். மற்றவற்றில் பழுத்த காய்களின் விதையை விதைத்தோம். நாற்றுகள் நாலைந்து இலை விட்டதும் பார்த்தோம். முள், முள், மறுபடியும் முள். அடுத்த வரிசையில் ஒரு தண்டு மழமழவென்று நின்றது. அவள் பெருவிரலால் அதைக் கீழிருந்து மேலாக வருடினாள். "இங்க இன்னொண்ணுங்க" என்ற அவள் குரல் தெருவரை கேட்டிருக்கும். பட்டம் வாங்கிய நாளில்கூட எனக்கு அப்படி நெஞ்சு நிமிரவில்லை. ஒடுங்கு பண்பு ஒருமுறை வெளியே வந்துவிட்டால் அதற்குள் முள் ஒளிந்திருக்காது; இனி அந்த விதை அவளை ஏமாற்றாது.

அவற்றை மட்டும் வளர்த்து, முதல் பறிப்பை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனோம். நடந்ததை நானே சொன்னேன். அக்கா காம்பைத் தடவிப் பார்த்து, "மாப்பிள்ள இப்பத்தான் பாஸாயிருக்கறாரு" என்றாள்.

"காய் மட்டும் கொஞ்சம் நீண்டுபோச்சுக்கா" என்றாள் மனைவி. "போகட்டும், அது அவங்க பங்கு."