காற்றை மறித்த ஞாயிறு

வாடிப்பட்டியைத் தாண்டி, மலையடிவாரத்து ஏரியில் எங்கள் பாய்ப்படகு கிளப் இருக்கிறது. அங்கே நடக்கும் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. அடுத்தவர் படகை இடித்தவர், தன் படகை அங்கேயே இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கண்காணிக்க ஆள் கிடையாது. அவரவர் நாணயத்தை நம்பித்தான் எல்லாம்.

போன வருடம், மிதவையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் என் அக்கா புருஷன் என்னை இடித்தார். சுற்றவில்லை. நேராகப் போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டார். "மாப்ள குறுக்க வந்துட்டான்" என்று கரையில் எல்லோரிடமும் வேறு சொன்னார். அந்தக் கோப்பை அவர் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டேதான் அக்கா வைக்கும் கறிக்குழம்பைச் சாப்பிட்டேன்.

இந்த ஆடியில் உசிலம்பட்டிப் பக்கமிருந்து நல்ல மேல்காற்று. பந்தயம் தொடங்கியதும் நான் வேறு யாரையும் பார்க்கவில்லை. காற்று வரும் பக்கமாக அவர் படகை ஒட்டியே போனேன். என் பாய் மறைத்ததில் அவர் பாய் துவண்டு தொங்கியது. அவர் திரும்பினால் நானும் திரும்பினேன். இடிக்கவில்லை, உரசவில்லை, காற்றை மறிக்க விதியில் தடையும் இல்லை. மற்ற படகுகளெல்லாம் எங்களைக் கடந்து போயின.

"தள்ளிப் போ மாப்ள, நீயும்தான தோக்குற."

"தெரியும் மச்சான். மெதுவா வாங்க."

அவர் கடைசி. நான் அவருக்கு முன்னால். கரையேறியதும் அக்கா போன் செய்தாள்.

"கப்பு யாருக்குடா?"

"தெரியலக்கா. மச்சானுக்கு இல்ல."